கண்ணை மூடிய பத்து நிமிடம்: மாறுவது மூளையின் இணைப்பா, விழிப்பா?

எம்ஆர்ஐ குழாய்க்குள் படுத்திருப்பவரிடம், "கண்ணை மூடிக்குங்க, எதையும் குறிப்பா யோசிக்க வேணாம், ஆனா தூங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் படமெடுக்கிறார்கள். ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐ (மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைத் தொடர்ந்து படமாக்கும் முறை) என்பது இவ்வளவுதான். மூன்று நிபந்தனைகளில் கடைசி நிபந்தனைதான் முதலில் உடைகிறது. என்ஸோ தாக்லியாசுக்கியும் ஹெல்முட் லாஃப்ஸும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓய்வுநிலைப் பதிவுகளை ஆராய்ந்து 2014ல் வெளியிட்ட கணக்குப்படி, மூன்றில் ஒருவர் மூன்று நிமிடத்துக்குள் விழிப்பு நிலையை விட்டு நழுவிவிடுகிறார். படமெடுப்பவருக்கு இது தெரியாது. எஃப்எம்ஆர்ஐ சமிக்ஞையை மட்டும் வைத்துப் பார்த்தால் "மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது" என்றுதான் தெரியும். மாற்றியது எண்ணமா, தூக்கமா, தலை அசைவா, கணக்கின் சறுக்கலா என்று பிரித்துச் சொல்ல இன்னொரு சாட்சி வேண்டும். அதற்காகத்தான் அதே நேரத்தில், அதே குழாய்க்குள், தலையில் வைக்கும் மின்முனைகளால் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜியும் எடுக்கிறார்கள்.

இங்கே இணைப்பு என்றால் நரம்பு இழை அல்ல. ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கி செல் அளவில் படமாக்குகிறது. அது அமைப்பைப் பற்றிய வேலை. அங்கே எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். செயல்பாட்டு இணைப்பு என்பது வெறும் புள்ளியியல். இரண்டு பகுதிகளின் எஃப்எம்ஆர்ஐ சமிக்ஞைகள் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கினால் அவற்றுக்கிடையே இணைப்பு உண்டு என்கிறோம். அளவுகோல், பிளஸ் டூ புத்தகத்தில் வரும் அதே ஒட்டுறவுக் கெழு. இந்தத் துறைக்கு அடிக்கல் 1995ல் பரத் பிஸ்வால் வெளியிட்ட ஆய்வு. கையை அசைக்காமல் சும்மா படுத்திருக்கும்போதும் இடது, வலது இயக்கப் புறணிகள் (உடல் அசைவை நடத்தும் மூளை மேற்பரப்புப் பகுதிகள்) நொடிக்கு 0.1 சுற்றுக்கும் குறைவான மெதுவான அதிர்வெண்ணில் ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்று அவர் காட்டினார். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள்வரை பெரும்பாலானோர் முழுப் பதிவுக்கும் ஒரே ஒரு ஒட்டுறவு எண்ணைத்தான் கணக்கிட்டார்கள். 2010ல் கேட்டி சாங்கும் கேரி குளோவரும் அந்த எண் பதிவு முழுக்க நிலையாக இல்லை என்று காட்டியபின், "மாறும் இணைப்பு" ஒரு தனித் துறையாகவே பெருகியது.

மாறுகிறதா என்று பார்க்க எல்லோரும் கையாளும் வழி நகரும் சாளரம். 60 விநாடி அளவுக்கு ஒரு சன்னலைத் திறந்து, அதற்குள் விழும் புள்ளிகளுக்கு மட்டும் ஒட்டுறவைக் கணக்கிட வேண்டும். பிறகு சன்னலை இரண்டு விநாடி தள்ளி மறுபடி கணக்கிட வேண்டும். வரைந்து பார்த்தால் கோடு மலையும் மடுவுமாக ஏறி இறங்கும். பார்த்தவுடன் மனம் கதை கட்டத் தொடங்கிவிடும். ஆபத்து அங்கேதான்.

கையால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு மூளையை ஒருமுறை படமெடுக்க ஆகும் நேரத்தை டிஆர் என்பார்கள். டிஆர் 2 விநாடி என்று வையுங்கள். பத்து நிமிடத்துக்கு 300 படங்கள். 60 விநாடி சாளரத்துக்குள் 30. முப்பது புள்ளிகள் போதுமே என்று தோன்றும். ஆனால் வழக்கம்போல 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டிவிட்டால் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்துவிடுகின்றன. சுதந்திரமான புள்ளிகளின் எண்ணிக்கை, பட்டையின் அகலத்தையும் சாளரத்தின் நீளத்தையும் பெருக்கி இரட்டித்தால் கிடைக்கும்: 2 × 0.09 × 60, ஏறக்குறைய 11. ஒட்டுறவின் பிழையைச் சீராக அளக்க உதவும் ஃபிஷர் மாற்றத்துக்குப் பிறகு திட்டப் பிழை, 11லிருந்து 3 கழித்து வர்க்கமூலம் எடுத்துத் தலைகீழாக்கினால் 0.35. ஆக, இரண்டு பகுதிகளுக்கு இடையிலான உண்மையான ஒட்டுறவு பத்து நிமிடமும் 0.5 என்று ஆடாமல் அசையாமல் நின்றாலும், சாளரக் கணக்கு −0.14 முதல் 0.85 வரை எங்கு வேண்டுமானாலும் காட்டும். இருபதில் ஒன்று அதற்கும் வெளியே போகும். ஒன்றுமே மாறாத இடத்தில் எதிர்மறை இணைப்பிலிருந்து இறுக்கமான இணைப்புவரை எல்லா "நிலைகளும்" கிடைத்துவிடும்.

சாளரத்தின் நீளத்திலும் ஒரு கண்ணி உண்டு. 0.01 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 100 விநாடி ஆகும். 60 விநாடி சாளரம் அதன் பாதியில் கொஞ்சம் அதிகமாகத்தான் பார்க்கும். ஒருமுறை ஏறும் பக்கம், ஒருமுறை இறங்கும் பக்கம். அதனால் வரும் ஆட்டம் மூளையுடையது அல்ல. கீழ் எல்லை அதிர்வெண்ணைத் தலைகீழாக்கினால் வரும் விநாடிகளுக்குக் குறையாத சாளரம் வேண்டும் என்று 2015ல் லியனார்டியும் வான் டி வில்லேயும் வகுத்த விதி இதற்காகத்தான். 60 விநாடி சாளரம்தான் வேண்டுமென்றால் 0.017 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை முதலிலேயே வெட்டிவிட வேண்டும். 100 விநாடி சாளரம் எடுத்தால் பிழை குறையும், ஆனால் பத்து நிமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சாளரங்கள் ஆறுதான் கிடைக்கும்.

ஈஈஜி உள்ளே வருவது இந்த இடத்தில். ஹான்ஸ் பெர்கர் 1924ல் பதிவுசெய்து 1929ல் வெளியிட்ட அந்த நொடிக்குப் பத்து அலை, அதாவது ஆல்ஃபா, கண்ணை மூடியதும் பின்மண்டையில் எழும்; கண்ணைத் திறந்ததும் அடங்கும். எஃப்எம்ஆர்ஐ கணக்கின் சறுக்கல் ஈஈஜிக்குத் தெரியாது. ஆகவே சாளர இணைப்பு ஏறும்போதெல்லாம் ஈஈஜியிலும் ஏதோ ஒன்று கூடவே நகர்ந்தால், அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியாவது நிஜம் என்று நம்ப இடமிருக்கிறது.

நொடிக்குப் பத்து அலையையும் பத்து விநாடிக்கு ஒரு சுற்றுகூட முடிக்காத ரத்த ஓட்ட சமிக்ஞையையும் எப்படி ஒப்பிடுவது? அலையை ஒப்பிடுவதில்லை, அலையின் உயரத்தை ஒப்பிடுகிறோம். கல்யாண மண்டபத்துக்கு வெளியே தெருவில் நிற்பவருக்குத் தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்காது. ஆனால் கெட்டிமேளம் எப்போது கொட்டினார்கள் என்பது தெரிந்துவிடும். ஆல்ஃபாவும் அப்படித்தான் சில விநாடி ஓங்கும், சில விநாடி தேயும். அந்த ஓங்கல் தேய்தலின் வேகம் 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழே, எஃப்எம்ஆர்ஐ பார்க்கும் அதே பட்டையில் வருகிறது.

ஒப்பிடும் முன் தாமதத்தையும் சரிசெய்ய வேண்டும். நியூரான்கள் வேலை செய்தவுடன் எஃப்எம்ஆர்ஐ சமிக்ஞை ஏறுவதில்லை. தொட்டியில் தண்ணீர் குறைந்து, புக் செய்து, பிறகு லாரி வந்து, கேட்டதைவிட அதிகமாக ஊற்றிவிட்டுப் போவதுபோல, ஆக்சிஜன் ஏறிய ரத்தம் தாமதமாகவும் தேவைக்கு மிஞ்சியும் வருகிறது. உச்சம் 5 முதல் 6 விநாடியில். அதன் பிறகு ஒரு சிறு இறக்கம். பழைய நிலைக்குத் திரும்ப 20 விநாடிக்கு மேலும் ஆகலாம். (நம்மூர் லாரியோடு ஒப்பிட்டால் மூளையின் விநியோகம் படுவேகம்.) ஆகவே ஆல்ஃபாவின் உயரத்தை இந்தத் தாமத வளைவோடு சுருட்டிப் பெருக்கிய, அதாவது அதே தாமதத்தோடு பரப்பிய, பிறகுதான் பக்கத்தில் வைக்க முடியும். 2002, 2003ல் இப்படிச் செய்து பார்த்தபோது, ஆல்ஃபா ஓங்கும்போது பார்வைப் புறணியின் சமிக்ஞை இறங்குவதும், புலன் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸின் சமிக்ஞை ஏறுவதும் தெரிந்தது.

அடுத்த கட்டம் ஒரு பகுதியின் ஏற்ற இறக்கத்தை விட்டு, இரு பகுதிகளின் உறவை ஈஈஜியோடு கோப்பது. 2012ல் தாக்லியாசுக்கி குழு, ஆல்ஃபாவும் அதைவிட வேகமான பீட்டா அலைகளும் ஓங்கும் நேரங்களில் புறணிப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு பரவலாகத் தளர்வதைக் கண்டது. 2013ல் கேட்டி சாங் குழு, சும்மா இருக்கும்போது சுறுசுறுப்பாகும் டிஎம்என் வலையமைப்பையும் வெளிக்கவனத்துக்கான வலையமைப்பையும் எடுத்துக்கொண்டது. ஆல்ஃபா ஓங்கும் சாளரங்களில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் போவது கூடுதலாகத் தெரிந்தது. 2018ல் எலெனா ஆலன், வின்ஸ் கால்ஹௌன் குழு இணைப்பு வடிவங்களைச் சில "நிலைகளாக" வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஈஈஜியைப் பொருத்திப் பார்த்தது. தலாமஸும் உணர்வுப் புறணியும் எதிரெதிராகும் நிலையில் ஆல்ஃபா தேய்ந்து, அதைவிட மெதுவான டெல்டாவும் தீட்டாவும் ஏறியிருந்தன. தூக்கக் கலக்கத்தின் கையெழுத்து அது. மாறும் இணைப்பின் பெரும்பகுதி இரைச்சல், தலை அசைவு, தூக்கம் மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று 2017ல் டிமத்தி லாமன் குழு எழுதியதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த முடிவுகளின் தரம் குழாய்க்குள் எடுத்த ஈஈஜியின் தரத்தைத் தாண்டாது. அந்த ஈஈஜி எடுப்பது சாதாரண வேலை அல்ல. தலையில் தெரியும் ஆல்ஃபாவின் உயரம் சில பத்து மைக்ரோவோல்ட். படத்தில் இடத்தைக் குறிக்க எம்ஆர்ஐ பயன்படுத்தும் சாய்வுக் காந்தப்புலம் திறந்து மூடும்போது மின்கம்பிகளில் தூண்டப்படும் மின்னழுத்தமோ மில்லிவோல்ட் கணக்கில், அதாவது நூறு மடங்குக்கும் மேல். அதைக் கழிக்கும் வழி 2000ல் ஆலன், ஜோசப்ஸ், டர்னர் தந்தது. ஒவ்வொரு டிஆரிலும் இயந்திரம் ஒரே மின் இரைச்சலைத்தான் போடுகிறது, 25 டிஆர்களின் சராசரியை எடுத்தால் மூளை அலை அடித்துப்போய் இயந்திரத்தின் அச்சு மட்டும் நிற்கும், அதைக் கழித்துவிடலாம். கேட்பதற்கு எளிது. கெடுவது கடிகாரத்தில். ஈஈஜி கருவி நொடிக்கு 5,000 மாதிரி எடுத்தால் ஒரு மாதிரிக்கு 200 மைக்ரோவிநாடி. எம்ஆர்ஐயின் கடிகாரத்தோடு இது பூட்டப்படாவிட்டால், ஒவ்வொரு டிஆரிலும் அச்சு கொஞ்சம் தள்ளி விழும், சராசரி மழுங்கிவிடும், கழித்தபின் கூர்முனைகள் மிச்சம் நிற்கும். ஆகவே இரண்டு கடிகாரங்களையும் பூட்டும் ஒத்திசைவுப் பெட்டி கட்டாயம். டிஆரும் 200 மைக்ரோவிநாடியின் முழு மடங்காக இருக்க வேண்டும். 2,000 மில்லிவிநாடி சரி, 2,000.1 மில்லிவிநாடி சரிவராது.

பலர் கவனிக்காமல் விடுவது துண்டு எண்ணிக்கை, அதாவது ஒரு டிஆரில் மூளையை எத்தனை குறுக்குவெட்டுப் படங்களாக எடுக்கிறோம் என்பது. 2 விநாடியில் 30 துண்டுகள் எடுத்தால் மிச்சம் நிற்கும் போலி அலை 15 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் விழும்: பீட்டாவும் அதைவிட வேகமான காமாவும் கெடும், ஆல்ஃபா தப்பும். அதே 2 விநாடியில் 20 துண்டுகள் எடுத்தால் போலி அலை சரியாக 10 ஹெர்ட்ஸில், ஆல்ஃபாவின் நடுமண்டையில் வந்து உட்காரும். பல துண்டுகளை ஒரே நேரத்தில் எடுக்கும் வேகமான மல்ட்டிபேண்ட் முறைகளில் இது இன்னும் மோசம். 72 துண்டுகளை எட்டெட்டாகச் சேர்த்து 0.8 விநாடியில் எடுத்தால் ஒன்பது தடவை, 11.25 ஹெர்ட்ஸ். அதுவும் ஆல்ஃபா பட்டைதான். டிஆரையும் துண்டுகளையும் முடிவுசெய்யும் முன் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுவிட்டால் பின்னால் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இதயத் துடிப்பு இதைவிடத் தந்திரமானது. 3 டெஸ்லா காந்தத்துக்குள் ஒவ்வொரு துடிப்புக்கும் தலை மயிரிழை அளவு ஆடுகிறது, தோலுக்கடியில் தமனி புடைக்கிறது, மின்கடத்தியான ரத்தம் காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. விளைவு, ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் எழும் கூர்மையான ஆர் முனைக்கு ஏறக்குறைய 0.2 விநாடி கழித்து 100 மைக்ரோவோல்ட் தாண்டக்கூடிய ஒரு போலி அலை. துடிப்புக்குத் துடிப்பு வடிவம் மாறுவதால் சராசரி முறை பாதிதான் வேலை செய்யும்; கலந்த சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் கணித முறைகளை (முதன்மைக் கூறு, சுதந்திரக் கூறு) வைத்து மறுசுற்று சுத்தம் செய்ய வேண்டும். முதுகில் ஒட்டும் ஈசிஜி மின்முனை கழன்றுபோனால் ஆர் முனை கிடைக்காது, பதிவு பாழ். வியர்வையில் அது கழலும். மே மாதம் பதினோரு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கியவரை உடனே தொப்பி மாட்டி உள்ளே அனுப்பக்கூடாது; குளிரூட்டிய அறையில் இருபது நிமிடம் உட்காரவைத்து, தலை உலர்ந்தபின் தொடங்க வேண்டும். வியர்வை நெற்றி மின்முனைகளில் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெதுவான சரிவைக் கொண்டுவரும். டெல்டாவைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

சென்னையில் அடுத்த தடை தேங்காய் எண்ணெய். எண்ணெய்த் தலையில் ஜெல் பிடிக்காது. மின்தடை 20 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கவே இறங்காது. "தலைக்குக் குளிச்சிட்டு, எண்ணெய் வைக்காம வாங்கம்மா" என்று முதல் நாளே போனில் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனை ஈஈஜிக்கும் இதையே சொல்வார்கள். ஆனால் வலிப்பு சந்தேகத்துக்கு எடுக்கும்போது "ராத்திரி தூங்காம வாங்க" என்றும் சொல்வது உண்டு. ஓய்வுநிலை ஆய்வுக்கு நேர் எதிர்: நன்றாகத் தூங்கி எழுந்து வர வேண்டும். முன்பு ஈஈஜி எடுத்துக்கொண்டவர்கள் பழக்கத்தில் கண்விழித்து வந்துவிடுவார்கள், அதையும் விளக்கிச் சொல்ல வேண்டும். நீளமான பின்னலை மண்டைக்கடியில் வைக்காமல் தோள் பக்கம் விட வேண்டும். கொண்டை கூடாது, ஹேர்பின் கூடவே கூடாது. மெட்டி, மூக்குத்தி, தாலிக்கொடியைக் கேட்டால் கழற்றிவிடுவார்கள். அரைஞாணில் கட்டிய தாயத்து சட்டைக்குள் மறைந்திருக்கும், அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மின்கம்பிகளை நேராக, குழாயின் நடு அச்சில் கொண்டுபோக வேண்டும். சுருட்டி வைத்தால் அந்த வளையம் ஆன்டெனாபோல வேலை செய்து சூடாகும், தோல் பொசுங்கும். மணல் மூட்டையால் அழுத்திவைத்தால் அதிர்வு குறையும். காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் பம்ப்பின் அதிர்வு காமா பட்டையில் நேராக விழும். பொறியாளர் ஒப்புக்கொண்டால் பதிவு நேரத்துக்கு மட்டும் அதை நிறுத்தலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் காமாவைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இவ்வளவும் செய்தபிறகும் ஒரு சங்கடம் மிச்சம். ஈஈஜி சுதந்திரமான சாட்சி என்றோம். முழுக்க அப்படி இல்லை. தலை அசைந்தால் ஈஈஜியிலும் மின்னழுத்தம் தூண்டப்படும், எஃப்எம்ஆர்ஐயிலும் பிம்பம் நகரும். ஆழ்ந்து ஒரு மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, நாளங்கள் சுருங்கி, மூளை முழுக்க சமிக்ஞை ஒன்றாக இறங்கும். எல்லாப் பகுதிகளும் "இணைந்துவிட்டன" என்று கணக்கு சொல்லும். அதே மூச்சோடு இதயத் துடிப்பும் மாறும், துடிப்பின் போலி அலையில் சுத்தமாகாத மிச்சம் ஈஈஜியிலும் ஏறும். இரண்டு சாட்சிகளும் ஒரே ஆளிடம் கேட்டு வந்து சொன்ன கதை. மூச்சுப் பட்டை, விரல் துடிப்புமானி, தலை அசைவின் ஆறு அளவுகள் மூன்றையும் பதிவுசெய்து கணக்கிலிருந்து நீக்காத ஆய்வை நம்புவதற்கில்லை.

பகுப்பாய்வில் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில். 60 விநாடி சாளரத்தை 2 விநாடி வீதம் நகர்த்தினால் 271 சாளரங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைப்பு எண், ஓர் ஆல்ஃபா சராசரி. 271 ஜோடிகளையும் சுதந்திரமானவை என்று எடுத்துக்கொண்டு மென்பொருளிடம் கேட்டால் மிகச்சிறிய உறவுக்கும் பிரமாதமான முக்கியத்துவம் வரும். உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சாளரங்கள் பத்துதான். சரியான வழி, ஒவ்வொருவருக்கும், ஆல்ஃபா ஏறினால் இணைப்பு எவ்வளவு மாறுகிறது என்ற ஒரு சாய்வை மட்டும் கணக்கிட்டு, அந்தச் சாய்வுகள் நபர்களுக்கு இடையே ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பார்ப்பது. கூடவே போலித் தரவும் வேண்டும்: எஃப்எம்ஆர்ஐ தொடர்களில் உள்ள அலைகளின் கட்டங்களை (ஒவ்வொரு அலையும் எங்கே தொடங்குகிறது என்பதை) கலைத்து, ஆனால் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே கலைப்பைக் கொடுத்து, மொத்த ஒட்டுறவு மாறாமல் காலமாற்றம் மட்டும் அழிந்த பிரதிகள் ஆயிரம் உருவாக்க வேண்டும். பகுதிக்குப் பகுதி வேறு வேறு கலைப்பைக் கொடுத்தால் மொத்த ஒட்டுறவும் சேர்ந்து அழியும். அந்தப் பிரதிகளோடு ஒப்பிட்டால் எந்தத் தரவும் ஜெயிக்கும். ஜெயித்ததற்கு அர்த்தம் இருக்காது.

ஆல்ஃபாவைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். கண்ணை மூடியவர் மனதுக்குள் மும்முரமாகக் கணக்குப் போட்டால் ஆல்ஃபா தாழும். ஓய்வாக இருந்தால் ஓங்கும். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மறுபடி தாழும். அப்போது 4 முதல் 7 ஹெர்ட்ஸ் தீட்டா ஏறும், விழிகள் மெதுவாக உருளும். ஆக "ஆல்ஃபா குறைவு" என்பது இரண்டு நேர் எதிரான நிலைகளுக்கும் ஒரே அடையாளம். கண் திறந்தவரிடமோ தூக்கக் கலக்கத்தில் ஆல்ஃபா ஏறவும் செய்யும். ஓர் ஆய்வில் ஆல்ஃபாவோடு இணைப்பு ஏறுகிறது, இன்னொன்றில் இறங்குகிறது என்றால் இரண்டில் ஒன்று தப்பு என்று அர்த்தமில்லை. ஒரு குழுவில் பாதிப்பேர் தூங்கியிருக்கலாம். 30 விநாடிக்கு ஒருமுறை விழிப்பு, முதல் கட்டத் தூக்கம், சுழலலைகள் என்னும் குறுகிய அலைக் கொத்துகள் தெரியும் இரண்டாம் கட்டம் என்று ஈஈஜியைக் கண்ணால் பார்த்துக் குறித்துவிட்டு, விழிப்பு என்று குறித்த பகுதிகளுக்குள் மட்டும் ஆல்ஃபா உறவை மறுபடி கணக்கிட்டால்தான் விடை தெரியும். அதில் பாதி உறவு காணாமல் போனால், போன பாதி தூக்கத்துடையது.

நேர ஒதுக்கீடும் இதில் சேரும். பகலில் ஸ்கேனர் நோயாளிகளுக்கு. ஆய்வுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மதிய உணவுக்குப் பிந்தைய இடைவெளி அல்லது இரவு எட்டுக்கு மேல். நோயாளிக் குழுவை மருத்துவர் பார்த்த கையோடு காலையிலும், ஒப்பீட்டுக் குழுவைக் கல்லூரி முடிந்து இரவிலும் படமெடுத்தால், கிடைக்கும் வித்தியாசத்தில் நோய் எவ்வளவு, கடிகாரம் எவ்வளவு என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. காபியும் அப்படித்தான். கஃபீன் மூளையின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், இயக்கப் புறணியின் ஓய்வுநிலை இணைப்பையும் தளர்த்தும். அதற்காகத் தினமும் காலையில் டிகாக்‌ஷன் இறங்காமல் எழுந்திருக்காதவரிடம் முழுநாள் காபியை நிறுத்தச் சொன்னால் தலைவலியோடு வந்து படுப்பார். அது இன்னொரு மூளை. எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி, கடைசியாக எத்தனை மணிக்குக் காபி குடித்தார், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்ற இரண்டையும் படிவத்தில் தொப்பி மாட்டும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.